தசை தேறுவதற்கு எந்த சப்ளிமென்ட்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜிம்மில் சேர்ந்த முதல் மாதத்திலேயே பலருக்கும் ஒரு சப்ளிமென்ட் டப்பா பரிந்துரைக்கப்பட்டுவிடுகிறது. பரிந்துரைப்பவர் பயிற்சியாளராக இருக்கலாம், உடன் பயிற்சி செய்யும் நண்பராக இருக்கலாம், கைபேசியில் வந்துபோகும் காணொளியாகவும் இருக்கலாம். அதை வாங்குவதற்கு முன் என்ன கேட்க வேண்டும், எதைப் படித்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லித்தர மட்டும் யாரும் கிடைப்பதில்லை. முட்டைக்கும் பாலுக்கும் ஆகும் காசை மிச்சம்பிடித்து டப்பா வாங்கும் கல்லூரி மாணவர்களையும், வேலை முடிந்த பிறகு பயிற்சிக்கு வரும் இளைஞர்களையும் மனத்தில் கொண்டு இந்தப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன. சிறுநீரகம், கல்லீரல், இதயம் ஆகியவற்றில் நோய் உள்ளவர்களும், நாள்தோறும் மருந்து எடுப்பவர்களும், கர்ப்பிணிகளும், பாலூட்டும் தாய்மார்களும், 18 வயது நிரம்பாதவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இவற்றில் எதையும் தொடங்கக் கூடாது.

பயிற்சி செய்த மறுநாள் உடம்பு வலிப்பது ஏன்? லாக்டிக் அமிலம் தேங்குவதாலா?

இல்லை. கடும் பயிற்சியின்போது இரத்தத்தில் கூடும் லாக்டேட், பயிற்சி முடிந்து ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குள் பழைய அளவுக்குத் திரும்பிவிடும். மறுநாள் காலையில் படுக்கையிலிருந்து எழ முடியாமல் செய்யும் வலிக்குக் காரணம் வேறு. தசை நீண்டுகொண்டே சுமையைத் தாங்கும்போது, அதாவது ஸ்குவாட்டில் கீழே இறங்கும்போதும், டம்பெல்லை மெதுவாகத் தாழ்த்தும்போதும், தசை நார்களில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய சேதம் ஏற்படுகிறது. அதைச் சரிசெய்ய உடல் தொடங்கும் அழற்சிதான் வலியாக உணரப்படுகிறது. அது 24 மணி முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்தை எட்டிப் பிறகு தணிகிறது. வெள்ளியங்கிரி மலைக்குச் சென்று வந்தவர்களுக்கு ஏறிய களைப்பு அன்றே தீர்ந்துவிட்டாலும், இறங்கிய வலி இரண்டு நாள் தொடையில் நிற்பதற்கு இதுவே காரணம்.

அதே பயிற்சியை அடுத்த வாரம் செய்தால் வலி வெகுவாகக் குறைந்திருக்கும், ஏனெனில் தசை ஒரு முறை பட்ட சேதத்துக்கு ஏற்பத் தன்னைப் பழக்கிக்கொள்கிறது. புதிதாக ஒரு டப்பாவைத் தொடங்கியவர், வலி குறைந்ததற்கு அந்த டப்பாவே காரணம் என்று நம்புவது பெரும்பாலும் இப்படித்தான் நேர்கிறது. எந்தப் பொடியையும் மதிப்பிடும்போது இதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

ஒரு நாளைக்கு எவ்வளவு புரதம் தேவை?

உடலுழைப்பு மிகுதியாக இல்லாத பெரியவர் ஒருவருக்கு, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020-ஆம் ஆண்டுப் பரிந்துரை. எடை தூக்கிப் பயிற்சி செய்பவருக்கு இது போதாது. பன்னாட்டு விளையாட்டு ஊட்டச்சத்துச் சங்கம் 2017-இல் வெளியிட்ட நிலைப்பாட்டு அறிக்கை, பயிற்சி செய்பவர்களுக்குக் கிலோவுக்கு 1.4 முதல் 2 கிராம் வரை என்கிறது. 49 ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் வெளியான பகுப்பாய்வு ஒன்று, சராசரியாகப் பார்த்தால் கிலோவுக்கு 1.6 கிராமைத் தாண்டிய பிறகு கூடுதல் புரதத்தால் தசைக்குக் கூடுதல் பயன் கிடைக்கவில்லை என்று கண்டறிந்தது. வாரத்தில் மூன்று நாள் அளவாகப் பயிற்சி செய்பவர் 1.2-இல் தொடங்கலாம், ஐந்து நாள் கடுமையாகச் செய்பவர் 1.6-ஐ இலக்காகக் கொள்ளலாம். கிலோவுக்கு 3 கிராம் வேண்டும் என்று யாராவது சொன்னால், அவரே டப்பாவும் விற்கிறாரா என்று கவனியுங்கள்.

எனக்கு சப்ளிமென்ட் தேவையா, தேவையில்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

தட்டில் இருப்பதை எண்ணிப் பார்ப்பதே முதல் வேலை. இதைச் செய்யாமல் வாங்கப்படும் எந்தப் பொடியும் குருட்டுக் கணக்கில் வாங்கப்படுவதுதான்.

65 கிலோ எடையுள்ள ஒருவர் காலையில் நான்கு இட்லியும் சாம்பாரும், மதியம் சோறு, சாம்பார், பொரியல், தயிர், இடையில் இரண்டு வேளை தேநீர், இரவு மூன்று தோசையும் சட்னியும் சாப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இட்லி ஒன்றில் 2 கிராம் அளவுக்கும், வடித்த சோறு ஒரு கோப்பையில் 4 கிராம் அளவுக்கும், நீர்த்த சாம்பார் ஒரு கிண்ணத்தில் 3 கிராம் அளவுக்கும் புரதம் உண்டு. நாள் முழுவதற்கும் கூட்டினால் 45 கிராம் அளவில் வந்து நிற்கும். இவருக்குக் கிலோவுக்கு 1.2 கிராம் என்றால் 78 கிராமும், 1.6 கிராம் என்றால் 104 கிராமும் தேவை. வயிறு நிறைந்த சாப்பாடுதான். ஆனால் தசையைச் செப்பனிடத் தேவையானதில் பாதிக்குச் சற்றுக் கூடுதல் அல்லது குறைவு மட்டுமே அதில் இருக்கிறது. பயிற்சிக்குப் பின் நாள்கணக்கில் சோர்ந்து கிடப்பவர்களில் பலரது சிக்கல் இந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடும்.

இப்போது அதே தட்டில் காலையில் இரண்டு முட்டை சேர்த்தால் 12 கிராம் கூடும். மதியம் 100 கிராம் மீனோ கோழியோ சேர்த்தால் 20 கிராமுக்குக் குறையாது. சைவர்கள் 40 கிராம் சோயா உருண்டைகளைக் குழம்பில் போட்டாலும் ஏறத்தாழ அதே 20 கிராம் கிடைக்கும். மாலையில் 50 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்துச் சுண்டல் செய்தால் 10 கிராம். இரவு ஒரு டம்ளர் பால் குடித்தால் 6 கிராம். மொத்தம் 93 கிராம் ஆகிவிட்டது. அளவாகப் பயிற்சி செய்பவருக்கு இதுவே போதும். கடுமையாகச் செய்பவருக்கு மீதமுள்ள 11 கிராமைப் பொட்டுக்கடலையோ பன்னீரோ நிரப்பும். அதற்கும் நேரமில்லை என்றால் அரை ஸ்கூப், அதாவது டப்பாவோடு வரும் அளவுக் கரண்டியில் பாதி, பொடி நிரப்பும். புரதப் பொடியின் இடம் இவ்வளவுதான். உணவால் நிரப்ப முடியாமல் போகும் பள்ளத்தின் ஆழத்தைப் பார்த்து அதன் அளவை முடிவு செய்ய வேண்டும். விடுதியில் தங்கிப் படிப்பவர்கள், இரவுப் பணியில் இருப்பவர்கள், முட்டையும் சாப்பிடாத சைவர்கள் ஆகியோருக்கு அந்தப் பள்ளம் பெரிதாக இருக்கும் என்பதும் உண்மை. அவர்களுக்குப் பொடி நியாயமான உதவி.

அரசின் உணவு வழிகாட்டியே புரதப் பொடி வேண்டாம் என்கிறதே?

ஐதராபாத்தில் இயங்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துடன் சேர்ந்து 2024 மே மாதத்தில் வெளியிட்ட உணவு வழிகாட்டி, உடற்கட்டுக்காகப் புரத சப்ளிமென்ட்டுகளைத் தவிர்க்குமாறு அறிவுறுத்துகிறது. இத்தகைய பொடிகளில் சர்க்கரையும் செயற்கை இனிப்பூட்டிகளும் சுவையூட்டிகளும் சேர்க்கப்பட்டிருக்கலாம் என்பது அது தரும் காரணங்களுள் ஒன்று. இது பொதுமக்கள் அனைவருக்குமான வழிகாட்டி. உணவை விட்டுவிட்டு டப்பாவை நம்பும் பழக்கம் பரவுவதைத் தடுப்பது அதன் நோக்கம், அந்த நோக்கம் சரியானது. விளையாட்டு ஊட்டச்சத்துத் துறையில் உள்ளவர்கள், கடும் பயிற்சி செய்து உணவால் இலக்கை எட்ட முடியாதவர் சோதிக்கப்பட்ட பொடியை அளவாக எடுக்கலாம் என்கிறார்கள். என் பார்வையில் இரண்டும் ஒன்றையொன்று மறுக்கவில்லை: உணவே முதலில், பொடி தேவைப்பட்டால் மட்டும், அதுவும் சுத்தமானதாக இருந்தால் மட்டும்.

வே கான்சன்ட்ரேட், ஐசோலேட், ஹைட்ரோலைசேட், தாவரப் புரதம் என்கிறார்களே, எதை வாங்குவது?

வே என்பது பாலைத் திரித்துச் சீஸ் செய்யும்போது பிரியும் தெளிந்த நீரிலிருந்து எடுக்கப்படும் புரதம். கான்சன்ட்ரேட்டில் பொதுவாக 70 முதல் 80 விழுக்காடு புரதம் இருக்கும், பாலின் சர்க்கரையான லாக்டோஸும் ஓரளவு இருக்கும். ஐசோலேட்டில் 90 விழுக்காட்டை ஒட்டிப் புரதம் இருக்கும், லாக்டோஸ் மிகக் குறைவு. ஹைட்ரோலைசேட் என்பது ஏற்கெனவே சிறு துண்டுகளாகச் சிதைக்கப்பட்ட புரதம். விலை மிக அதிகம், ஆரோக்கியமான வயிறு உள்ளவருக்கு அந்த விலைக்கு ஏற்ற பயன் இல்லை.

பால் குடித்தால் வயிறு உப்புசமும் பேதியும் வராதவர் கான்சன்ட்ரேட்டை வாங்கினால் போதும். நம் பகுதியில் வளர்ந்தவர்களில் பலருக்கு லாக்டோஸ் செரிப்பதில்லை என்பதால், வே குடித்ததும் வயிறு பொருமுகிறது என்போர் ஐசோலேட்டுக்கு மாறிப் பார்க்கலாம். பால் பொருட்களையே தவிர்ப்பவர்களுக்குச் சோயா ஐசோலேட்டும், பட்டாணிப் புரதமும் அரிசிப் புரதமும் கலந்த பொடியும் நல்ல தேர்வுகள். தாவரப் புரதத்தில் லூசின் என்ற அமினோ அமிலம் (புரதத்தைக் கட்டும் சிறு அலகுகளுள் ஒன்று) சற்றுக் குறைவாக இருப்பதால், அளவைக் கொஞ்சம் கூட்டிக்கொண்டால் வேறுபாடு சரியாகிவிடும்.

மாஸ் கெய்னர் என்ற பெயரில் விற்கப்படுபவை வேறு வகை. அவற்றில் பெரும்பகுதி மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்து. எடை கூட வேண்டியவர் வாழைப்பழம், வேர்க்கடலை, பால், சோறு ஆகியவற்றைக் கூடுதலாகச் சாப்பிட்டால் அதே கலோரி மிகக் குறைந்த செலவில் கிடைக்கும்.

டப்பாவின் லேபிளில் எதைப் பார்க்க வேண்டும்?

முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் உள்ளதை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைத் திருப்புங்கள். அங்கே ஒரு ஸ்கூப்பின் எடையும், அதில் உள்ள புரதமும் தனித்தனியாக அச்சிடப்பட்டிருக்கும். ஸ்கூப் 33 கிராம், புரதம் 24 கிராம் என்றால், 24-ஐ 33-ஆல் வகுத்தால் 73 விழுக்காடு வரும். கான்சன்ட்ரேட்டுக்கு இது சரியான அளவு. இன்னொரு டப்பாவிலும் 24 கிராம் புரதம் என்றே முன்பக்கத்தில் இருக்கும், ஆனால் பின்பக்கத்தில் பார்த்தால் அந்த 24 கிராமைப் பெற 60 கிராம் பொடி போட வேண்டும் என்றிருக்கும். அது 40 விழுக்காடு மட்டுமே; மீதி மாவும் சர்க்கரையும் சுவையூட்டியும்.

அடுத்து, சேர்மானப் பட்டியலைப் படியுங்கள். எடையில் மிகுதியாக இருப்பதே முதலில் எழுதப்பட வேண்டும் என்பது விதி. முதல் இடத்தில் வே புரதத்தின் பெயர் இல்லாமல் மால்டோடெக்ஸ்ட்ரினோ சர்க்கரையோ இருந்தால் டப்பாவைத் திரும்ப வைத்துவிடலாம். கிளைசின், டாரின், குளுட்டமின் போன்ற தனி அமினோ அமிலங்கள் பட்டியலில் இருந்தாலும் எச்சரிக்கையாக இருங்கள். பொடியில் உள்ள நைட்ரஜனை அளந்து, அதை ஓர் எண்ணால் பெருக்கிப் புரதத்தின் அளவைச் சொல்லும் கெல்டால் முறை 1883-ஆம் ஆண்டிலிருந்து புழக்கத்தில் உள்ளது. மலிவான அமினோ அமிலங்களிலும் நைட்ரஜன் இருப்பதால், அவற்றைக் கலந்து புரதக் கணக்கைச் செயற்கையாக உயர்த்திக் காட்ட முடியும். தசைக்கு அதனால் பயனில்லை.

இறுதியாக விலை. ஒரு கிலோ டப்பா 2,800 ரூபாய் என்றும், அதில் 24 கிராம் புரதம் கொண்ட 30 ஸ்கூப்புகள் உள்ளன என்றும் வைத்துக்கொண்டால், மொத்தப் புரதம் 720 கிராம்; ஒரு கிராம் ஏறத்தாழ 3 ரூபாய் 90 காசு. ஏழு ரூபாய் முட்டையில் 6 கிராம் புரதம் என்றால் கிராம் ஒன்று 1 ரூபாய் 20 காசுக்கும் குறைவு. சோயா உருண்டை அதிலும் மலிவு. ஊர் விலையை வைத்து நீங்களே ஒரு முறை இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

போலிச் சரக்கையும் கலப்படத்தையும் எப்படித் தவிர்ப்பது?

இந்தியச் சந்தையில் விற்கப்படும் 36 புரத சப்ளிமென்ட்டுகளைப் பரிசோதித்து, மெடிசின் என்ற மருத்துவ இதழில் 2024-இல் வெளியான ஆய்வு இதன் தீவிரத்தைக் காட்டியது. ஏறத்தாழ 70 விழுக்காடு பொருட்களில் லேபிளில் சொன்ன புரத அளவு சரியாக இல்லை. சிலவற்றில் சொன்னதில் பாதியே இருந்தது. ஏறத்தாழ 14 விழுக்காட்டில் பூஞ்சை நச்சான அஃப்ளடாக்சினும், 8 விழுக்காட்டில் பூச்சிக்கொல்லி எச்சமும் காணப்பட்டன. உடம்பைத் தேற்ற வாங்கும் பொருளே கல்லீரலுக்குக் கேடாகலாம் என்பதை எண்ணும்போது, எந்தப் பிராண்டு என்பதைவிட யார் பரிசோதித்தது என்ற கேள்வியே முதலில் வர வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன்.

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் டப்பாவில் இருக்க வேண்டும். அந்த எண்ணை ஆணையத்தின் இணையதளத்தில் உள்ளிட்டு, நிறுவனத்தின் பெயரும் முகவரியும் பொருந்துகின்றனவா என்று பார்க்கலாம். வெளிநாட்டுச் சரக்கு என்றால் இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் உரிம எண்ணும் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். அவை இல்லாத டப்பா எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்க வேண்டாம். மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்ற வாசகமும் கட்டாயம். உரிம எண் என்பது தரத்துக்கான சான்று அல்ல, தயாரிப்பவர் யார் என்பதற்கான அடையாளம் மட்டுமே. ஆகவே ஒவ்வொரு பேட்சுக்கும் (ஒரே தடவையில் தயாரித்த தொகுதிக்கும்) வெளி ஆய்வகத்தின் பரிசோதனை அறிக்கையை வெளியிடும் நிறுவனங்களையும், இன்ஃபார்ம்டு ஸ்போர்ட் போன்ற சான்று பெற்ற பொருட்களையும் தேடுங்கள். டப்பாவின் பேட்ச் எண்ணும் அறிக்கையின் பேட்ச் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். பெரிய டப்பாவைப் பிரித்துச் சிறு பொட்டலங்களாக விற்கும் பொடியை எவ்வளவு நம்பிக்கையானவர் தந்தாலும் வாங்காதீர்கள்.

பயிற்சி முடிந்த அரை மணி நேரத்துக்குள் குடித்தாக வேண்டுமா?

அவசரம் இல்லை. நாள் முழுவதும் சாப்பிட்ட மொத்தப் புரதம் சமமாக இருக்கும்போது, பயிற்சியை ஒட்டிக் குடிப்பதால் குறிப்பிடத்தக்க கூடுதல் பயன் இல்லை என்று 2013-இல் வெளியான தொகுப்பாய்வு காட்டியது. பயிற்சிக்கு முன்னும் பின்னுமான சில மணி நேரத்துக்குள் நல்ல சாப்பாடு ஒன்று வந்துவிட்டால் போதும். ஒரே வேளையில் குவிக்காமல், மூன்று நான்கு வேளைகளில் வேளைக்கு 20 முதல் 40 கிராம் வரை பிரித்துக்கொள்வது நல்லது. அதிகாலையில் வெறும் வயிற்றோடு பயிற்சி செய்பவர்கள் மட்டும் முடிந்த உடனே எதையாவது சாப்பிடுவது நல்லது.

பிசிஏஏ தசைவலியைக் குறைக்கும் என்கிறார்களே?

உடலால் தானே தயாரிக்க முடியாத அமினோ அமிலங்கள் ஒன்பது. பிசிஏஏ பொடியில் லூசின், ஐசோலூசின், வாலின் என்ற மூன்று மட்டுமே உள்ளன. தசையைக் கட்ட ஒன்பதும் வேண்டும். போதிய புரதம் சாப்பிடுபவருக்கு இந்த மூன்றும் முட்டையிலும் பாலிலும் பருப்பிலும் ஏற்கெனவே வந்துவிடுகின்றன. ஒரு ஸ்கூப் வேயிலேயே ஏறத்தாழ 5 கிராம் பிசிஏஏ உண்டு. வலியைச் சற்றுக் குறைப்பதாகச் சில ஆய்வுகள் சொன்னாலும், தேவையான புரதத்தை ஏற்கெனவே எடுப்பவருக்குக் காசு கொடுத்து இதை வாங்க வேண்டிய அவசியம் இல்லை. வண்ணமும் புளிப்புச் சுவையும் கொண்ட இந்தப் பொடிக்குப் போகும் காசு, மாதம் முழுவதும் தினம் இரண்டு முட்டைக்குப் போதும்.

கிரியேட்டின் பாதுகாப்பானதா? முடி கொட்டுமா, சிறுநீரகம் கெடுமா?

சப்ளிமென்ட் அலமாரியில் இருப்பவற்றுள் மிக அதிகமாக ஆராயப்பட்டதும், கொடுத்த காசுக்குப் பயன் தருவதும் கிரியேட்டின் மோனோஹைட்ரேட்தான் என்பது என் உறுதியான கருத்து. குறுகிய நேரக் கடும் உழைப்புக்குத் தேவையான ஆற்றலைத் தசையில் விரைவாகப் புதுப்பிக்க அது உதவுகிறது. அதனால் ஒரு செட்டுக்கும் அடுத்த செட்டுக்கும் இடையே தசை நன்றாகத் தேறுகிறது. மீனிலும் இறைச்சியிலும் இயற்கையாக உள்ள பொருள் இது என்பதால், சைவர்களின் தசையில் இருப்பு குறைவாகவும், அவர்களுக்குக் கிடைக்கும் பயன் பெரும்பாலும் கூடுதலாகவும் இருக்கிறது.

நாளொன்றுக்கு 3 முதல் 5 கிராம், எந்த நேரத்திலும், பயிற்சி இல்லாத நாளிலும் எடுக்க வேண்டும். முதல் வாரத்தில் நாளுக்கு 20 கிராம் எடுக்கும் லோடிங் கட்டாயம் அல்ல; அதைச் செய்யாவிட்டாலும் மூன்று நான்கு வாரங்களில் தசை நிறைந்துவிடும். எச்சிஎல், பஃபர்டு என்று கூடுதல் விலைக்கு வரும் வடிவங்கள் மோனோஹைட்ரேட்டைவிட மேலானவை என்று நிறுவப்படவில்லை. தொடக்கத்தில் எடை ஒன்றிரண்டு கிலோ கூடுவது தசைக்குள் சேரும் நீரால்தான்.

முடி பற்றிய அச்சம் 2009-இல் தென்னாப்பிரிக்க ரக்பி வீரர்களிடம் நடந்த ஒரு சிறு ஆய்விலிருந்து கிளம்பியது. அதில், முடி உதிர்வோடு தொடர்புடைய டிஎச்டி என்ற ஹார்மோன் கூடியது உண்மை. முடி கொட்டியதா என்று அந்த ஆய்வு பார்க்கவே இல்லை. முடியையே நேரடியாக அளந்து, 12 வாரம் நடந்து, 2025-இல் வெளியான ஆய்வில் பாதிப்பு எதுவும் தெரியவில்லை. ஆரோக்கியமான சிறுநீரகம் உள்ளவர்களுக்கு, சொன்ன அளவில் எடுத்தால் பாதிப்பு காணப்படவில்லை. ஆனால் இரத்தப் பரிசோதனையில், சிறுநீரகத்தின் செயல்பாட்டைக் காட்டும் ‘கிரியேட்டினின்’ என்ற கழிவுப்பொருளின் அளவு சற்று உயர்ந்து தெரியும் என்பதால், பரிசோதனைக்குச் செல்லும்போது மருத்துவரிடம் கிரியேட்டின் எடுப்பதை மறக்காமல் சொல்லுங்கள். ஏற்கெனவே சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் இதைத் தொட வேண்டாம்.

குளுட்டமின், எச்எம்பி, கொலாஜன்?

ஆரோக்கியமானவர் பயிற்சிக்குப் பின் தேறுவதற்குக் குளுட்டமின் உதவுவதாக நல்ல சான்று இல்லை. லூசினிலிருந்து உடலில் உருவாகும் எச்எம்பி என்ற பொருளைப் பற்றிய ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. கொலாஜனில் டிரிப்டோபன் என்ற அமினோ அமிலம் இல்லாததால் தசைக்கு அது தரமான புரதம் ஆகாது. தசைநாண்களுக்கு உதவலாம் என்ற ஆய்வுகள் தொடக்க நிலையில் உள்ளன.

மஞ்சள் பால் போதுமா, குர்குமின் மாத்திரை வேண்டுமா? அமுக்கரா எப்படி?

மஞ்சள் தூளில் குர்குமின் ஏறத்தாழ 3 விழுக்காடுதான். ஒரு சிறு கரண்டித் தூள் 3 கிராம் என்றால் அதில் 90 மில்லிகிராம் அளவே கிடைக்கும். அதிலும் உடல் ஏற்றுக்கொள்வது மிகக் குறைவு. மிளகிலுள்ள பைப்பரினைச் சேர்த்தால் குர்குமின் உடலில் சேர்வது ஏறத்தாழ 20 மடங்கு கூடுவதாக, பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் நடந்து 1998-இல் வெளியான ஆய்வு காட்டியது. மாத்திரையாக அதிக அளவில் கொடுத்த சில ஆய்வுகளில் தசைவலி ஓரளவு குறைந்தது. ஆனால் அதே செறிந்த மாத்திரைகளால், குறிப்பாகப் பைப்பரின் கலந்தவற்றால், கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றிய மருத்துவப் பதிவுகளும் பெருகி வருகின்றன. இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களுக்கு அது கூடுதல் ஆபத்து. மிளகு தட்டிப் போட்ட மஞ்சள் பால் இரவில் ஒரு டம்ளர் குடிப்பதில் தவறில்லை. அதில் உங்களுக்கு உறுதியாகக் கிடைப்பது பாலின் 6 கிராம் புரதம்.

அமுக்கராங்கிழங்கு, அதாவது அஸ்வகந்தா, வலிமையைக் கூட்டுவதாகச் சில சிறு ஆய்வுகள் சொல்கின்றன. இதிலும் கல்லீரல் பாதிப்புகள் பதிவாகியுள்ளன. டென்மார்க் 2023-இல் இதைத் தடை செய்தது. தைராய்டு மருந்து எடுப்பவர்கள் தவிர்க்க வேண்டும். மற்றவர்களும் நாட்டு மருந்துதானே என்று தாமாக வாங்கிச் சாப்பிடாமல், பதிவு பெற்ற சித்த மருத்துவரிடம் கேட்டுச் செய்வதே முறை.

வலி அதிகமானால் வலிமாத்திரையோ வைட்டமின் சி மாத்திரையோ போடலாமா?

தினசரிப் பழக்கமாக வேண்டாம். பயிற்சிக்குப் பின் வரும் அழற்சியும் ஆக்சிஜனேற்ற அழுத்தமும் ஓரளவுக்குத் தசை வலுவடைவதற்கான சமிக்ஞைகள். நாளுக்கு 1,000 மில்லிகிராம் வைட்டமின் சி-யையும் அதிக அளவு வைட்டமின் ஈ-யையும் தொடர்ந்து எடுத்தவர்களிடம் பயிற்சியின் சில பலன்கள் மழுங்கியதாக 2009-இலும் 2014-இலும் வெளியான ஆய்வுகள் கண்டன. எட்டு வாரம் நாள்தோறும் 1,200 மில்லிகிராம் ஐபுப்ரோஃபென் எடுத்த இளைஞர்களுக்குத் தசை வளர்ச்சி குறைந்ததாக 2018-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று சொன்னது. உடலில் நீர் வற்றிய நிலையில் இத்தகைய வலிமாத்திரைகள் சிறுநீரகத்தையும் தாக்கும். நெல்லிக்காயும் கொய்யாவும் தரும் வைட்டமின் சி-க்கு இந்த எச்சரிக்கை பொருந்தாது.

வைட்டமின் டி, மக்னீசியம், மீன் எண்ணெய்?

வெயில் நிறைந்த நாட்டில் இருந்தும் வைட்டமின் டி குறைபாடு நம்மிடையே பரவலாக உள்ளது. குறைபாடு இருந்தால் தசைகள் சோர்வதும் வலிப்பதும் இயல்பு. இரத்தப் பரிசோதனையில் மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழ் இருந்தால் மருத்துவர் சொல்லும் அளவில் எடுங்கள். பரிசோதிக்காமல் ஊசியோ வாராந்திர மாத்திரையோ போட்டுக்கொண்டே போவது இரத்தத்தில் கால்சியத்தைக் கூட்டிவிடும். பயிற்சியால் வரும் தசைப்பிடிப்புக்கு மக்னீசியம் உதவும் என்பதற்கு வலுவான சான்று இல்லை. மீன் எண்ணெயின் பயன் சிறிது. வாரத்துக்கு இரண்டு முறை மத்தியோ அயிலையோ சாப்பிடுபவர் மாத்திரையைத் தேட வேண்டாம்.

வியர்த்துக் கொட்டியபின் இளநீர் போதுமா?

சாதாரணமாக ஒரு மணி நேரப் பயிற்சிக்குத் தண்ணீரும் வழக்கமான சாப்பாடுமே போதும். வியர்வையில் அதிகம் வெளியேறுவது சோடியம். இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. சென்னையின் மே மாதப் புழுக்கத்தில் இரண்டு மணி நேரம் ஓடியவருக்கு உப்புப் போட்ட நீர்மோர் இளநீரைவிடப் பொருத்தமானது. வயிற்றுப்போக்கும் சேர்ந்திருந்தால் மருந்துக் கடையில் உலகச் சுகாதார அமைப்பின் கலவையில் கிடைக்கும் ஓஆர்எஸ் பொட்டலம்தான் வேண்டும். அதே பெயரைத் தாங்கி வந்த இனிப்பு பானங்களை 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடுத்ததை நினைவில் கொள்ளுங்கள்.

நான் போட்டிகளில் கலந்துகொள்பவன். எனக்குத் தனியாகக் கவனிக்க வேண்டியது உண்டா?

உண்டு, மிக முக்கியமாக. தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமை எடுக்கும் மாதிரியில் தடைசெய்யப்பட்ட பொருள் தென்பட்டால், அது உடலுக்குள் எப்படி வந்தது என்று தெரியாமல் இருந்தாலும் பொறுப்பு வீரருடையதே. டப்பாவில் கலப்படம் இருந்தது என்று பிறகு நிறுவ முடிந்தாலும், அதற்குள் பதக்கமும் தேர்வு வாய்ப்பும் கைநழுவிப் போயிருக்கும். ஆகவே பேட்ச் வாரியாக ஊக்கமருந்துச் சோதனை செய்யப்பட்ட பொருளை மட்டும் வாங்குங்கள்; டப்பா தீர்ந்த பின்பும் ரசீதையும் பேட்ச் எண்ணின் படத்தையும் பத்திரப்படுத்துங்கள். பயிற்சிக்கு முன் குடிக்கும் ப்ரீ-வொர்க்அவுட் பொடிகளில்தான் இத்தகைய கலப்பட ஆபத்து கூடுதல்.

ஜிம்மிலேயே யாராவது சீக்கிரம் தேறுவதற்கு என்று லேபிள் இல்லாத மாத்திரையோ ஊசியோ தந்தால், போட்டிக்குப் போகாதவரும் அதை மறுத்துவிட வேண்டும். பெரும்பாலும் அது ஸ்டீராய்டாகவே இருக்கும். இருபது வயதில் ஒருவர் இதயத்தையும் விரைப் பகுதியின் இயல்பான செயல்பாட்டையும் பணயம் வைப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கக் கூடாது. தம்பி, நண்பன் என்று பாராமல் தடுத்து நிறுத்துங்கள்.

எந்த வலிக்கு மருத்துவமனைக்குப் போக வேண்டும்?

மூன்று நாளுக்குப் பிறகும் தணியாமல் கூடிக்கொண்டே போகும் வலி, மூட்டில் குத்தும் வலி, ஒரு காலில் மட்டும் வீக்கம் ஆகியவற்றைச் சாதாரணத் தசைவலி என்று விட்டுவிட வேண்டாம். எல்லாவற்றையும்விட அவசரமானது, கடும் பயிற்சிக்குப் பின் சிறுநீர் கருந்தேநீர் அல்லது கோலா நிறத்தில் போவது. நீண்ட இடைவெளிக்குப் பிறகு திரும்பி வந்து, முதல் நாளே நூற்றுக்கணக்கில் பஸ்கியோ தண்டாலோ எடுத்தவர்களுக்கு இது நேரலாம். தசை நார்கள் பெருமளவில் சிதைந்து, அவற்றிலிருந்து வெளியாகும் மையோகுளோபின் என்ற புரதம் சிறுநீரகத்தை அடைக்கத் தொடங்கியிருக்கிறது என்று பொருள். அன்றே, இரவானாலும், அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். வலிமாத்திரை எதுவும் போடாதீர்கள். என்ன பயிற்சி செய்தீர்கள், எந்தெந்தப் பொடியும் மாத்திரையும் எடுத்தீர்கள் என்று மறைக்காமல் சொல்லுங்கள், முடிந்தால் டப்பாவையே கையோடு எடுத்துச் செல்லுங்கள். தசை சிதையும்போது இரத்தத்தில் கூடும் சிகே (கிரியேட்டின் கைனேஸ்) என்ற நொதியின் அளவைப் பார்த்து, நரம்பு வழியாக நீர் ஏற்றத் தொடங்குவார்கள். உரிய நேரத்தில் சென்றவர்களில் பெரும்பாலோர் முழுமையாகக் குணமடைகிறார்கள்.